எங்கே ஓடுவது?

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத்தலைவர் அவர்கள் அன்போடு கேட்டபோது, ஓய்வு பெற்ற இந்தத் தமிழாசிரியன் சங்க இலக்கியம் பற்றியோ காப்பியம் பற்றியோ எழுதுவான் என்றுதான் எண்ணியிருப்பார். வளைகோல் பந்தாட்டம் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆயினும், என் ஆசிரிய வாழ்வில் நான் செய்த பெரும்பிழை ஒன்றும், அதனைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பும் வகுப்பறையில் நிகழவில்லை. நம் கல்லூரியின் செம்மண் திடலில், ஹாக்கி மட்டைகளின் ஓசைக்கு நடுவே நிகழ்ந்தன. அவற்றை மாணவச் செல்வங்களுக்கும், இன்று ஆசிரியப் பணியேற்றிருக்கும் இளைய தலைமுறையினருக்கும் சொல்லிவைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

ஆண்டு 1996. கல்லூரி விளையாட்டுக் குழுவில் ஆசிரிய உறுப்பினராக என்னையும் சேர்த்திருந்தார்கள். விளையாட்டைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒரு சராசரி ரசிகனுக்குத் தெரிந்த அளவுதான். ஆயினும் மாலை வேளைகளில் திடலுக்குச் சென்று மரத்தடியில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பது பழக்கமாகியிருந்தது.

அந்த ஆண்டு இளங்கலை வகுப்பில் ஒரு மாணவன் சேர்ந்திருந்தான். ‘லெஃப்ட் இன்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இடது உள்முன்னணியில் ஆடுவான். அவனிடம் பந்து சென்றுவிட்டால் திடலில் ஓர் அமைதி பரவும். மட்டையின் இருபுறமும் பந்து ஒட்டிக்கொண்டதுபோல் வரும். இருவர், மூவர் என எதிர்த்து வருவோரைத் தோளசைவிலேயே ஏமாற்றிவிட்டு அவன் கடந்து செல்லும்போது, வாரணாசியின் முகம்மது ஷாகித்தை நேரில் பார்த்திருந்த எங்கள் உடற்கல்வி இயக்குநர் தம்மை மறந்து கைதட்டிவிடுவார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில், மட்டையின் வித்தையால் உலகை வியக்க வைத்தவர் ஷாகித். அந்தச் சாயலை ஒரு சிற்றூர் மாணவனிடம் காண்பது இயக்குநருக்கு ஆனந்தம்.

ஆனால் அந்த ஆனந்தம் பந்து அவனிடம் இருக்கும்வரைதான். பந்து பறிபோன மறுகணம் அவன் நின்றுவிடுவான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிரணியினர் நம் கோலை நோக்கிப் பந்தைக் கொண்டு செல்வதை வழிப்போக்கனைப்போல் பார்த்துக்கொண்டிருப்பான். ஏனைய பத்துப் பேரும் மூச்சிரைக்கப் பின்னோக்கி ஓடுவார்கள். 12 நிமிட ஓட்டத் தேர்வில் அவன் கடைசியாக வந்தான்.

நாள்தோறும் மாலையில் திடலோரத்து நாற்காலியில் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. இளமையில் தாமும் ஆடியவர். அவர் ஒருநாள் சொன்னார்: “மட்டை ஓடுது. கால் ஓடலையே, தம்பி!” அந்த வாசகம் திடலெங்கும் பரவிற்று.

தேர்வுக் குழுவில்

கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு 16 பேர் கொண்ட பட்டியலை இறுதி செய்யக் குழு கூடியது. அவன் பெயர் வந்ததும் வாதம் எழுந்தது. உடற்கல்வி இயக்குநர் தயங்கினார். தியான்சந்த் பகலில் படைப்பணி முடித்து, நிலவொளியில் பயிற்சி செய்ததால்தான் அப்பெயர் பெற்றார் என்று வழங்கிவரும் கதையை அவனுக்கு எத்தனையோ முறை சொல்லியும் பயனில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: “திறமை இருக்கிறது, உழைப்பு இல்லை. உழைக்காத திறமையை ஊக்குவித்தால், உழைக்கும் மற்றவர்களுக்கு அது அநீதி.”

அழகான வாக்கியம். எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவன் பெயர் நீக்கப்பட்டது. அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது என் உள்ளத்தில் ஒரு பெருமிதம்கூட எழுந்தது என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவனிடம் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவன் ஏன் நின்றுவிடுகிறான் என்று கேட்டதுமில்லை.

மறுநாள் முதல் அவன் திடலுக்கு வரவில்லை. பத்து நாள்களுக்குப்பின் வகுப்புக்கும் வரவில்லை.

சைக்கிள் கடையில் ஒரு மாலை

வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தொடர்ந்து விழுந்த குறிகள் என்னை உறுத்தின. ஒரு மாலையில் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். வீட்டின் முன்பகுதியே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அவனுடைய அத்தா சக்கரம் ஒன்றின் கம்பிகளை முறுக்கிச் சீர்செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இருக்கை தந்தார். தேநீர் வந்தது. மகன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை.

“பாய், பையன் கல்லூரிக்கு வரவில்லையே?” என்றேன்.

அவர் என்மேல் குறை கூறவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தமாயிருந்தது. “சோம்பேறின்னு சொல்லிட்டாங்களாம், சார். அதுல மனசு விட்டுட்டான். நானும் யோசிச்சுப் பார்த்தேன். எட்டு வயசுல மட்டை பிடிச்சவன். தெருப் பசங்கள்ல இவன் அளவுக்கு ஆடுறவன் கிடையாது. அதனால எல்லாரும் பந்தை இவன்கிட்ட கொடுத்துட்டு வேடிக்கை பார்ப்பாங்க. பந்து இவனைத் தேடி வரும், சார். இவன் பந்தைத் தேடிப் போனதே இல்லை.”

சக்கரத்தைச் சுழற்றி, கோணல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்து, அந்த ஒரு கம்பியை மட்டும் முறுக்கும் மனிதர் அவர். தம் மகனின் கோணலையும் அவ்வாறே சரியாகச் சுட்டிக்காட்டினார். படித்த நாங்களோ சக்கரத்தையே எடுத்தெறிந்துவிட்டோம்.

நெடுநேரம் கழித்து அவன் வெளியே வந்தான். தலை குனிந்தபடியே சொன்னான்: “ஓடு ஓடுன்னு எல்லாரும் சொல்றீங்க, சார். எங்கே ஓடுறதுன்னு ஒருத்தரும் சொல்லலையே.”

அதற்கு என்னிடம் விடை இல்லை. உண்மையில் எனக்கும் தெரியாது.

மூன்று அதிகாரங்கள்

அவ்வாரம் வகுப்பில் திருக்குறள் பொருட்பால் நடத்திக்கொண்டிருந்தேன். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை எனும் மூன்று அதிகாரங்கள் 60, 61, 62 என அடுத்தடுத்து வருவன. ஆண்டுதோறும் நடத்தியவைதாம். மூன்றையும் ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கி மாணவர்களுக்குச் சொல்லிவந்தவன் நான். அன்று நூலைத் திறந்தபோதுதான் ஓர் ஐயம் எழுந்தது. மூன்றும் ஒன்றேயாயின், சொல்லை வீணாக்காத வள்ளுவர் ஏன் முப்பது குறட்பாக்களைச் செலவிட்டார்?

சிந்தித்தபோது விளங்கிற்று. ஊக்கம் என்பது உள்ளத்தின் எழுச்சி. மடி என்பது செய்ய வேண்டியதை அறிந்தும் செய்யாமல் கிடக்கும் சோம்பல். ஆள்வினை என்பது இடைவிடாது செயலாற்றும் முயற்சி. ஒருவனிடம் ஊக்கம் நிறைந்திருக்கலாம், மடியும் இல்லாதிருக்கலாம், ஆயினும் செயலாற்றும் முறையை அவன் பழகாதிருக்கலாம். அவனைச் சோம்பேறி என்று அழைப்பது நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும். இம்மூன்று அதிகாரங்களுக்கும் முன்னரே, 51ஆம் அதிகாரமாகத் ‘தெரிந்து தெளித’லை வைத்திருக்கிறார் வள்ளுவர். ஆராய்ந்த பிறகே தெளிய வேண்டும். நானோ ஆராயாமலே தெளிந்துவிட்டேன்.

இயக்குநரிடம் சென்று, என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சொல்லைத் திரும்பப் பெறலாம், ஐயா. பையனைத் திரும்பப் பெற வேண்டுமே” என்றார். பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டதால் முதற்சுற்றுப் போட்டிகளில் அவன் ஆட இயலாது. ஆனால் தைக்குப்பின் நடக்கும் மற்றொரு போட்டிக்கு வாய்ப்புண்டு என்றார். அவனுடைய அத்தாவிடம் அதைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவன் திடலுக்கு வந்தான்.

குறிப்பேடு

யாப்பிலக்கணம் நடத்துபவனுக்கு எண்ணத் தெரியும். அசை எண்ணுவதுபோல் ஆட்டத்தையும் எண்ணிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்தேன்: பந்து நம்மிடம் இருக்கும்போது அவன் ஓடிய தடவைகள், பந்து பறிபோனபின் அவன் ஓடிய தடவைகள்.

பயிற்சி ஆட்டங்களில் நான்கு மாலைகள் இவ்வாறு எண்ணினேன். முடிவு எனக்கே வியப்பாயிருந்தது. பந்து நம் அணியிடம் இருக்கும்போது அவனைவிட மிகுதியாக விரைந்தவர் ஒருவரும் இல்லை. பந்து வரக்கூடிய வெற்றிடத்தைப் பிறர் அறியுமுன் அறிந்து, அங்கே போய் நின்றுகொள்வான். ஓடாததுபோல் தோன்றிய பல கணங்களில் அவன் ஏற்கெனவே ஓடி முடித்திருந்தான். ஆனால் பந்து பறிபோனபின் பத்தில் இரண்டு தடவைகூட அவன் திரும்பி ஓடவில்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் மூச்சும் குறைந்துபோயிற்று.

ஆக, குற்றச்சாட்டு முழுப்பொய்யன்று, முழுமெய்யுமன்று. பாதி அவன் குறை. மீதி, பார்க்கத் தெரியாத எங்கள் குறை.

குறிப்பேட்டை அவனிடம் காட்டினேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இவ்வளவு தடவை நின்னிருக்கேனா, சார்?” என்றான். அவன் நிற்பதை அவனே அறிந்திருக்கவில்லை!

இயக்குநர் அவனுக்கு ஒரே ஒரு கட்டளைதான் விதித்தார். “திடல் முழுவதும் ஓட வேண்டாம். உன்னிடமிருந்து பந்தைப் பறித்தவனை மட்டும் விடாதே. ஐந்து எண்ணும்வரை துரத்து. கிடைக்காவிட்டால் நம் ‘லெஃப்ட் ஹாஃப்’ எங்கே இருக்கிறான் என்று பார்த்து, அவனுக்கு முன்னால் வந்து நில்.” எங்கே ஓடுவது என்ற கேள்விக்கு முதன்முதலாக விடை கிடைத்தது. அதனோடு, நீண்ட ஓட்டத்திற்குப் பதிலாக 25 கெஜக் கோட்டிலிருந்து நடுக்கோடு வரை விரைந்தோடித் திரும்பும் குறு ஓட்டங்களைப் பயிற்சியாகத் தந்தார். ஆட்டத்தில் தேவைப்படும் ஓட்டம் அதுவேயன்றோ?

எழும்பூர்த் திடலில்

அவ்வாண்டு டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராஃபி போட்டிகள் சென்னையில் நடைபெற்றன. எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கின் செயற்கைத் தளத்தில் உலகின் ஆறு சிறந்த அணிகள் மோதின. அணி மாணவர்களை இரவுப் பேருந்தில் அழைத்துச் சென்றோம்.

நெதர்லாந்து அணி ஆடியபோது இயக்குநர் அவனிடம் சொன்னார்: “பந்தைப் பார்க்காதே. அந்த முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் பார்.” என் குறிப்பேட்டை அவனிடம் கொடுத்தேன். அவனே எண்ணத் தொடங்கினான். பந்து இல்லாமலே அந்த வீரர் எத்தனை முறை ஓடுகிறார், பந்து பறிபோனால் எந்தக் கோணத்தில் திரும்புகிறார், பந்து வராது என்று தெரிந்தும் ஏன் ஒரு பக்கமாக ஓடித் தடுப்பாட்டக்காரரைத் தம்மோடு இழுத்துச் செல்கிறார் என்பதையெல்லாம் கண்டான். ஆட்டம் முடியும்போது பக்கம் நிறைந்திருந்தது. அந்தக் கோப்பையை நெதர்லாந்தே வென்றது.

திரும்பும் வழியில் இயக்குநர் சொன்ன செய்தி, அவன் ஒருவனது குறையை நம் நாட்டு ஆட்டத்தின் வரலாற்றோடு இணைத்துக் காட்டியது. புல்தரையில் பந்து மெதுவாகச் செல்லும். அங்கே மட்டை வித்தைக்கு மதிப்பு மிகுதி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தது. பந்து விரைந்தது, ஆட்டம் கால்களுக்கும் நுரையீரலுக்கும் மாறிற்று. அந்த ஒலிம்பிக்கில் நாம் ஏழாமிடம். 1980 தங்கத்திற்குப்பின், 1986 உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் நாம் கடைசி. நம் வீரர்களிடம் திறமை குன்றிவிடவில்லை. பந்தோடு ஆடுவதைப் போற்றிய அளவுக்குப் பந்தில்லாமல் ஆடுவதை நாம் கற்றுக்கொடுக்கவில்லை. “இவன் சோம்பேறி இல்லை, ஐயா. நாம் கைதட்டிய இடத்தில் எல்லாம் ஓடினான்; கைதட்டாத இடத்தில் நின்றான்” என்றார் இயக்குநர். பேருந்தின் இருளில் அவ்வாக்கியம் என்னை வெகுநேரம் உறங்கவிடவில்லை.

அரையிறுதி

1997 பிப்ரவரியில் நடந்த போட்டியில் நம் அணி அரையிறுதிக்குச் சென்றது. எதிரணி வலிமை மிக்கது. பிற்பாதியில் 1–1 என்ற நிலையில், எதிரணியின் 25 கெஜக் கோட்டருகே அவனிடமிருந்து பந்து பறிபோனது. பழைய பழக்கம் ஒரு கணம் தலைகாட்டிற்று, கால் நின்றது. என் நெஞ்சும் நின்றது. அடுத்த கணம் அவன் திரும்பினான். பறித்தவனைத் துரத்தினான், எட்டவில்லை. விடவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி, நம் வட்டத்தின் விளிம்புவரை ஓடி, மட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்திப் பந்தைத் தட்டி வெளியேற்றினான். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தோழர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

திரைப்படமாயின் அடுத்து அவன் வெற்றிக் கோல் போட்டிருப்பான். நிகழ்ந்தது வேறு. இறுதி நிமிடங்களில் ஒரு பெனால்டி கார்னரில் கோல் வாங்கி 1–2 எனத் தோற்றோம். அன்று அவன் கோல் ஒன்றும் போடவில்லை. அவனுடைய வழக்கமான வித்தையும் அவ்வளவாக இல்லை.

ஜமாஅத்துப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். “இன்னிக்குக் கால் ஓடிடுச்சு. மட்டையைக் காணோமே!” என்று சிரித்தார். பிறகு அவன் தோளில் கைவைத்து, “ரெண்டும் ஒண்ணா வரும், தம்பி. வரும்” என்றார். அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அந்தச் சொல் மட்டும் பொய்க்கவில்லை. அடுத்த இரண்டாண்டுகள் அவன் பல்கலைக்கழக அணியில் ஆடினான். பின்னர் ஒரு நிறுவன அணியில் இடம்பெற்று, அதன்வழி வேலையும் பெற்றான். இந்திய அணிக்கு அவன் செல்லவில்லை. செல்லக்கூடியவன் என்று நாங்கள் நம்பினோம். முன்னதாகவே எவரேனும் எண்ணிப் பார்த்திருந்தால் சென்றிருப்பானோ என்னவோ.

இன்று

ஆட்டம் இன்று வெகுவாக மாறிவிட்டது. 2014 முதல் பன்னாட்டு ஆட்டங்கள் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகின்றன. வீரர்களின் முதுகில் பொருத்தப்படும் சிறு கருவி, யார் எவ்வளவு தொலைவு, எவ்வளவு விரைவில் ஓடினார் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நான் குறிப்பேட்டில் கோடிழுத்து எண்ணியதைவிட நுட்பமாக அது எண்ணுகிறது. ஓடக் கற்றுக்கொண்ட இந்திய அணி 41 ஆண்டுகளுக்குப்பின், 2021இல் டோக்கியோவில் வெண்கலம் வென்றது. 2024இல் பாரிசில் மீண்டும் வென்றது. 2023 ஆகஸ்டில் அதே எழும்பூர் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி ஆட்டம். இடைவேளையில் 1–3 எனப் பின்தங்கியிருந்த நம் அணி மலேசியாவை 4–3 என வென்றதை அவனருகில் அமர்ந்து பார்த்தேன். அவன் இப்போது ஓய்வு நேரங்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறான். ஆட்டம் முழுவதும் அவன் பந்தைப் பார்க்கவே இல்லை!

ஆயினும் கருவி எண்ணத்தான் செய்யும்; ஏன் என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர் ஆசிரியர்.

இந்நிகழ்ச்சியை நான் பெருமைக்காக எழுதவில்லை. இவனுக்கு முன் எத்தனை மாணவர்களைப் பற்றி அதே வாக்கியத்தை, அதே பெருமிதத்தோடு சொல்லியிருப்பேன்! கடைசி வரிசையில் அமர்ந்து சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கட்டுரை எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள். தேர்வில் முதல் வினாவுக்கு அருமையாக விடையெழுதி, மீதியை வெறுமையாக விட்டவர்கள். அவர்கள் வீட்டுக்கு நான் சென்றதில்லை. அவர்களில் பலருடைய பெயர்களும் எனக்கு நினைவில்லை. ஒருவன் வீட்டுக்குச் சென்றேன் என்பதைவிட, மற்றவர்கள் வீட்டுக்குச் செல்லவில்லை என்பதே இந்த முதுமையில் என்னோடு தங்கியிருக்கிறது.

மாணவச் செல்வங்களே! உங்கள் திறமையைக் கண்டு கைதட்டுவோர் பலர் இருப்பர். கைதட்டாத இடத்திலும் ஓடப் பழகுங்கள். எங்கே ஓடுவது என்று தெரியவில்லையாயின், வாய்திறந்து கேளுங்கள், கேட்பது குறையன்று. பேராசிரியப் பெருமக்களே! பெரியோர்களே! ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்குமுன் நான்கு மாலைகள் எண்ணிப் பாருங்கள். ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும்.